‘கலிபர்’ = பெயரளவு? சன்ன விட்டம் பற்றிய என் கருத்து

அன்புள்ள குழுவினருக்கு,

ரைபிள் தோட்டாவை மீள நிரப்புவது பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் தம்பி, ‘கலிபர்’ (துப்பாக்கியின் அளவாகச் சொல்லும் எண்) வரும் இடமெல்லாம் ‘உள்விட்டம்’ என்று போடலாமா எனக் கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. அதை நம்பி ஒருவர் சன்னம் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் உலோகத் துண்டு) வாங்கினால் தப்பான அளவைத்தான் வாங்குவார்.

இங்கே இலங்கையில், பண்டாரவளைக்குப் பக்கத்துத் தியத்தலாவையையே எடுத்துக்கொள்வோம். 1900இல், தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்ட போவர் இனப் போர்க்கைதிகளை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். அவர்களைப் பிடித்த பிரித்தானியச் சிப்பாயின் கையில் த்ரீ-நாட்-த்ரீ (.303) ரைபிள், அவர்கள் பறிகொடுத்தது பெரும்பாலும் 7 மி.மீ. மௌசர். ரைபிள் குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும், பள்ளங்களுக்கு நடுவே மிஞ்சுவது மேடு. .303 அங்குலம், அதாவது 7.70 மி.மீ., குழலுக்குள் எதிரெதிர் மேடுகளுக்கு இடையிலான அளவு. அதில் போகும் சன்னத்தின் விட்டமோ .311 அல்லது .312 அங்குலம், ஏறக்குறைய 7.9 மி.மீ. மௌசரின் ‘7’க்குப் போவது 7.24 மி.மீ. சன்னம். சன்னம் பள்ளம் வரை நிறைந்து உட்கார்ந்தால்தான் சுழன்று நேராகப் போகும். சிறுத்துவிட்டால் வாயு பக்கவாட்டில் கசியும், குறி சிதறும். பருத்துவிட்டால் அழுத்தம் ஏறும், அது ஆபத்து.

ஆகவே ஒரு சொல் போதாது. குழலுக்குள் வெட்டிய பள்ளத்துக்குச் சென்னை நண்பர் ‘காடி’ என்றார். எனக்கு அது புளித்த காடியாகத்தான் காதில் விழுகிறது. இங்கே பாடப்புத்தகத் தமிழில் ‘தவாளிப்பு’ இருக்கிறது, ஆனால் வாயில் நுழையாது. தேயிலை மலையில் கான் (நீர் வடியும் வாய்க்கால்) வெட்டினால் கானும் அதை ஒட்டிய மேடும் வருகிறதல்லவா, குழலுக்குள்ளும் அதே அமைப்புத்தான். ‘கான் விட்டம்’ என்று வைக்க எனக்கு ஆசை, ஆனால் மற்ற ஊர்க்காரர் காட்டைத் தேடுவார். சரி, ‘மேட்டு விட்டம்’, ‘பள்ள விட்டம்’ என்றே வைப்போம். யாருக்கும் உரை வேண்டாம்.

மிச்சம் ‘கலிபர்’. அதற்குப் ‘பெயரளவு’ என்பது என் முன்மொழிவு. ‘பெயரளவுக்குத் தலைவர்’ என்கிறோமே, அந்தப் பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது. த்ரீ-நாட்-த்ரீயின் எண் மேட்டு விட்டத்திலிருந்து வந்தது, .308 வின்செஸ்டரின் எண் சன்ன விட்டத்திலிருந்து. நாள்தோறும் செய்தியில் வரும் ரி-56 (T-56) ரைபிளுக்கும் நேட்டோவின் 7.62×51 தோட்டாவைச் சுடும் ரைபிளுக்கும் பெயரளவு 7.62 தான். ஆனால் முன்னதன் சன்னம் ஏறக்குறைய 7.9, பின்னதன் சன்னம் 7.82. பன்றி விரட்ட வைத்திருக்கும் ‘பன்னிரண்டு போர்’ (12 bore) வேட்டைத் துப்பாக்கியில் எண்ணுக்கும் விட்டத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை: குழல் வாய்க்குச் சரியான ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல், அவ்வளவுதான்.

அக்கா ஒருவர் ‘ரவை விட்டம்’ என்று எழுதியிருந்தார். நம் பத்திரிகைகளில் ரவை என்றால் கோதும் மருந்தும் சேர்ந்த முழுத் தோட்டா. பறந்து போகும் உலோகத் துண்டு மட்டும் சன்னம். மீள நிரப்புகிறவருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி, ஆகவே ‘சன்ன விட்டம்’.

கட்டுரையில் தம்பி தடுமாறிய பத்தி, குழலை அளக்கும் முறை. வெறுமையான, எண்ணெய் தடவிய குழலுக்குள் மெத்தென்ற ஈயத் துண்டைத் தட்டித் தள்ளி, மறுபக்கம் வெளியே வந்ததும் அதன் புடைப்புகளை நுண்மானித் திருகுக் கணிச்சியால் (மைக்ரோமீற்றரால்) அளப்பார்கள். வருவது பள்ள விட்டம். த்ரீ-நாட்-த்ரீ சுடும் லீ-என்ஃபீல்ட் ரைபிளில் வழக்கமாக ஐந்து பள்ளம், எனவே ஒரு புடைப்புக்கு நேர் எதிரே இன்னொன்று வராது. சாதாரணக் கணிச்சி குறைத்தே காட்டும், V வடிவத் தாடை உள்ளது வேண்டும். போர்க்காலக் குழல்களில் பள்ள விட்டம் .311ஐத் தாண்டியும் இருக்கும் என்பதால், பெயரளவை மட்டும் பார்த்துச் சன்னம் தேர்ந்தால் நடக்காது. உலோக உறை போட்ட சன்னம் என்றால் பள்ள விட்டத்துக்குச் சமமாக, வார்த்த ஈயம் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு கூடுதலாக எடுப்பது வழக்கம்.

அந்த வாக்கியத்தை இப்படி எழுதலாம், தம்பி: ‘பெயரளவு .303, பள்ள விட்டத்தை அளந்து அதற்கேற்ற சன்ன விட்டத்தைத் தேர்க.’ குழலுக்குள் அந்தப் பள்ளங்கள் எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்ற முறுக்கு வீதத்துக்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை. ‘புரி’ எனக்குப் பிடிக்கவில்லை, திருகாணியோடு குழம்பும்.