2 அடி செடி மீன் தொட்டிக்கு கேனிஸ்டர் ஃபில்டர்: மணிக்கு 400 லிட்டர் போதுமா, 1000 வேணுமா?

பாசிப்பச்சை:

வணக்கம் நண்பர்களே. தொட்டி 24 × 12 × 15 இன்ச். அக்வா சாயில் (செடிக்கான மண் உருண்டை) முன்பக்கம் 2 இன்ச், பின்பக்கம் 3 இன்ச். செடிகள்: முன்னால் மான்டி கார்லோ, நடுவில் கிரிப்டோகோரைன், பின்னால் ரோட்டாலா, கட்டையில் அனுபியாஸ் நானா. சிலிண்டர் சிஓ2 (செடிக்கான கார்பன் டை ஆக்சைடு) இருக்கு, ரெகுலேட்டரில் சொலினாய்டு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) கிடையாது. எம்பர் டெட்ரா 12, செர்ரி இறால் 20 விடலாம்னு இருக்கேன். தண்ணீர் பாதி மெட்ரோ, பாதி போர்.

கடையில் மணிக்கு 1000 லிட்டர் கேனிஸ்டரைத்தான் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா ஃபில்டர்) எடுக்கச் சொல்றாங்க. 400–450 லிட்டர் மாடல்களும் பார்த்தேன். எது சரி? உள்ளே என்ன மீடியா (தண்ணியை வடிகட்டும் பொருள்) போடணும்? தண்ணி தொட்டிக்குத் திரும்பும் வாய்க்கு ஸ்ப்ரே பாரா (வரிசையா துளை போட்ட குழாய்), லில்லி பைப்பா (வாய் விரிந்த கண்ணாடிக் குழாய்)? ஸ்டாண்டு உயரம் 30 இன்ச், ஃபில்டர் அதுக்குள்ள தரையில் நிற்கும். அவ்வளவு உயரத்துக்கு 400 லிட்டர் மோட்டார் தண்ணியை ஏத்துமா?

---

நீரோட்டம்:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், நிறையப் பேர் அங்கேதான் தடுமாறி தேவைக்கு மேல் பெரிய மோட்டார் வாங்குகிறார்கள். கேனிஸ்டர் தண்ணீரை 30 இன்ச் மேலே "தூக்குவது" இல்லை. உறிஞ்சும் ஹோஸில் இறங்கும் தண்ணீரின் எடையும் திரும்பும் ஹோஸில் ஏறும் தண்ணீரின் எடையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். வெளிவிடும் வாய் தண்ணீருக்குள் இருக்கும்வரை மோட்டார் ஜெயிக்க வேண்டியது ஹோஸ், வளைவு, குழாய்த் திருகு, மீடியா ஆகியவற்றின் உராய்வை மட்டும்தான். வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தால் அந்த இரண்டு மூன்று இன்ச்தான் உண்மையான ஏற்றம். ஸ்டாண்டு உயரத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆனால் ஃபில்டர் கட்டாயம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேதான் நிற்க வேண்டும், இல்லையென்றால் சைஃபன் பிடிக்காது, அதாவது தண்ணீர் தானாக ஹோஸில் இறங்கி வராது.

இப்போது அளவு. தொட்டியின் முழுக் கொள்ளளவு சுமார் 71 லிட்டர். சாயில், கல், கட்டை, மேலே விடும் ஒரு இன்ச் இடைவெளி எல்லாம் கழித்தால் 55 லிட்டர் தண்ணீர் நிற்கும். மணிக்கு ஐந்து முறை சுற்றினால் 275 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண் மீடியா இல்லாமல் எடுத்த எண். மீடியா நிரப்பி ஹோஸ் மாட்டினால் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரைதான் கையில் கிடைக்கும். ஆக 440 என்று போட்டிருக்கும் ஃபில்டர் 220–290 தரும். உங்கள் தொட்டிக்கு அதுவே சரியான அளவு.

1000 லிட்டர் மாட்டினால் முதல் மூன்று வாரம் வேர் பிடிக்காத மான்டி கார்லோ ஒவ்வொரு துணுக்காகப் பிடுங்கிக்கொண்டு மேலே மிதக்கும். இரண்டு சென்டிமீட்டர் எம்பர் டெட்ரா நாள் முழுக்க ஓட்டத்தை எதிர்த்து நீந்தி ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். தண்ணீரின் மேற்பரப்பு கலங்குவதால் சிஓ2வும் வீணாக வெளியேறும். பெரிய ஃபில்டர் கையில் ஏற்கெனவே இருந்தால் வெளிவிடும் பக்கத்துத் திருகைப் பாதி மூடி ஓட்டலாம். உறிஞ்சும் பக்கத்தை மட்டும் மூடவே கூடாது. அங்கே அழுத்தம் குறைந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குமிழாகப் பிரிந்து மோட்டார் தலையில் சேரும். கடகடவென்று சத்தம் வரும், ஓட்டம் நிற்கும்.

மாடல்கள்: ஈஹைம் கிளாசிக் 250, அதாவது 2213 (440 லிட்டர், 8 வாட்). ஜேபிஎல் கிறிஸ்டல்புரோஃபி இ402 (450 லிட்டர், 4 வாட்). சன்சன் 603பி (400 லிட்டர், 6 வாட்). என் தேர்வு 2213. ஒரு டப்பா, ஒரு மோட்டார் தலை, ஒரு ஓ-ரிங் (மூடியை அடைக்கும் ரப்பர் வளையம்), அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் அதிகம் எதுவும் இல்லை. தொடக்கப் பொத்தான் கிடையாது, ஹோஸில் தண்ணீரை நீங்களே இழுத்துவிட வேண்டும். அது சிரமம் என்றால் இ402. 603பி வேலை செய்யும், ஆனால் உள்ளே மீடியாவுக்கு இடம் குறைவு. மீன் கூடக் கூட அது தெரியும். எதை வாங்கினாலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று லேபிளில் பாருங்கள். அமெரிக்காவுக்கான 60 ஹெர்ட்ஸ் மாடலைக் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டினால் மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும்.

மாட்டிய அன்றே ஓட்டத்தை அளந்துவிடுங்கள். தொட்டி விளிம்பில் ஒரு லிட்டர் ஜக்கை, அதன் வாய் தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்கிற மாதிரி பிடித்து, வெளிவிடும் வாயை அதற்குள் விட்டு, செல்போனில் நேரம் பாருங்கள். 12 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 300 லிட்டர். அந்த எண்ணை ஃபில்டர் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். பிறகு அது 20 வினாடி ஆனால் 180 லிட்டர்தான் வருகிறது என்று அர்த்தம், திறந்து கழுவும் நேரம் வந்துவிட்டது.

---

வேர்முடிச்சு:

நீரோட்டம் அண்ணா சொன்ன அளவுதான் சரி. மீடியா பத்தி நான் சொல்றேன்.

2213ல தண்ணி கீழே நுழைஞ்சு மேலே போகும். அதனால அடுக்குறதும் கீழிருந்துதான்: முதல்ல ஒரு கைப்பிடி செராமிக் ரிங், அதுக்கு மேல பெரிய துளை ஸ்பாஞ்ச், அப்புறம் பயோ மீடியா (நல்ல பாக்டீரியா குடியேறும் துளைக் கல்), கடைசியா மெல்லிசா ஒரு அடுக்கு பஞ்சு. மத்த கம்பெனி ஃபில்டர்ல தண்ணி எந்தப் பக்கம் முதல்ல தொடுதுன்னு பார்த்துட்டு அதே வரிசையில வைங்க. பஞ்சு முன்னாடி வந்துட்டா பத்தே நாள்ல அடைச்சுக்கும்.

கூட வர்ற கார்பன் பேடை எடுத்து ஓரமா வச்சிருங்க. மருந்து போட்டு முடிச்ச பிறகு மிச்சத்தை உறிஞ்ச மட்டும் அது வேணும். தினமும் ஓட்டினா உரத்துல இருக்கிற கீலேட் இரும்பிலயும் (செடி எடுத்துக்கிற மாதிரி கரைஞ்ச இரும்பு) கொஞ்சத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

மீடியாவை அமுக்கி அமுக்கி நிரப்பாதீங்க. செடித் தொட்டியில அம்மோனியாவை முதல்ல எடுத்துக்கிறது செடிதான், பாக்டீரியா மிச்சத்தைத்தான் பார்க்குது. முக்கால் பங்கு தளர்வா நிரப்புங்க. மேல் விளிம்பு வரைக்கும் திணிச்சா மோட்டார் தலை ஒழுங்கா உட்காராது, ஓ-ரிங் ஒரு பக்கம் தூக்கிக்கும், ராத்திரியில ஒழுகும்.

புது அக்வா சாயில் முதல் சில வாரம் அம்மோனியா விடும். அந்த நேரத்துல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை பாதித் தண்ணி மாத்துங்க. மீனும் இறாலும் 4–6 வாரம் கழிச்சு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட்ல 0 காட்டின பிறகுதான்.

கழுவும்போது குழாயடிக்குக் கொண்டுபோகாதீங்க. மெட்ரோ தண்ணியில குளோரின் இருக்கு. தொட்டித் தண்ணியைப் பக்கெட்ல எடுத்து அதுல ஸ்பாஞ்சை நாலு தடவை பிழிஞ்சாப் போதும். பழுப்பா கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும், அது அழுக்கு மட்டும் இல்ல. ஸ்பாஞ்ச் கழுவுற அன்னைக்கு பயோ மீடியாவைத் தொடாதீங்க.

போர்த் தண்ணி கலக்குறதால இம்பெல்லர்ல (மோட்டார்ல சுத்துற விசிறி) சுண்ணாம்பு படியும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டி, வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவச்சு, பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு நல்லா அலசுங்க. தண்டு செராமிக், நேரா மேலே இழுக்கணும். கொஞ்சம் சாய்ச்சாலும் டக்குன்னு உடையும். ஒரு தண்டும் ஒரு ஓ-ரிங்கும் ஃபில்டர் வாங்கும்போதே சேர்த்து வாங்கி வைங்க. ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் பட்டாணி அளவு. வாஸ்லின் வேண்டாம், சில ரப்பரை ஊத வச்சிரும்.

---

கண்ணாடிமீன்:

ஹேங்-ஆன் ஃபில்டர் (தொட்டி விளிம்பில் மாட்டுவது) போதாதா? விலையும் குறைவு, தரையில் ஒழுகும் பயமும் இல்லையே.

---

நீரோட்டம்:

சிஓ2 இல்லாத தொட்டியாக இருந்தால் தாராளமாகப் போதும். கிரிப்டோ, அனுபியாஸ், பாசி (மாஸ் செடி) மட்டும் வைத்து ஹேங்-ஆனில் அழகாக ஓட்டலாம். இவர் சிலிண்டர் வைத்திருக்கிறார். ஹேங்-ஆனில் தண்ணீர் அருவி மாதிரி விழும் இடத்தில் சிஓ2 கழன்று போகும். தண்ணீர் ஒரு இன்ச் ஆவியாகிக் குறைந்தாலே விழும் உயரம் கூடி இழப்பும் கூடும். கோடையில் திறந்த தொட்டியில் ஒரு இன்ச் குறைய ரொம்ப நாள் ஆகாது.

---

இலைநுனி:

வெளிவிடும் வாய் பற்றி. ஹோஸ் 12/16 என்றால் உள்விட்டம் 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 16. அதற்குப் பொருந்துவது 13 மில்லிமீட்டர் லில்லி பைப். 17 மில்லிமீட்டர் பைப் 16/22 ஹோஸுக்கானது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஹோஸ் முனையை வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, இளகியதும் ஏற்றுங்கள். கண்ணாடிக் குழாயை ஹோஸ் நுழையும் முனைக்கு ஒட்டியே பிடிக்க வேண்டும். வளைவைப் பிடித்துத் தள்ளினால் அந்த வளைவிலேயே உடைந்து கையைக் கிழிக்கும்.

24 இன்ச் நீளத்துக்கு லில்லி பைப்பே போதும். உறிஞ்சும் குழாய், வெளிவிடும் குழாய் இரண்டையும் ஒரே குறுகிய பக்கச் சுவரில் மாட்டுங்கள். தண்ணீர் மேல்மட்டத்தில் எதிர்ச் சுவருக்கு ஓடி, மோதி இறங்கி, செடிகளின் மேலாகத் தரையை ஒட்டித் திரும்பும். ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வைத்தால் நடுவில் நீரோட்டம் தொடாத இடம் உருவாகும். கருந்தாடிப் பாசி அங்கே தலைகாட்டலாம். சரியாக இருக்கிறதா என்று செடியையே பாருங்கள்: எதிர்மூலையில் இருக்கும் ரோட்டாலாவின் நுனி இலைகள் லேசாக நடுங்க வேண்டும், தண்டு சாயக் கூடாது. எங்காவது தண்டு சாய்ந்தே நின்றால் வாயைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புங்கள்.

பகலில் வாய் முழுக்க மூழ்கியிருக்கட்டும், மேற்பரப்பில் மெல்லிய அலை மட்டும் போதும். விளக்கு அணைந்ததும் பைப்பை ஒரு சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் எண்ணெய்ப் படலம் உடைந்து ஆக்சிஜன் ஏறும். நம்ம ஊர்க் கோடைக்கு இது முக்கியம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.6தான்.

இறால் விடுவதால் உறிஞ்சும் குழாய்க்கு ஸ்டீல் வலையோ ஸ்பாஞ்சோ கட்டாயம். அது வாரம் ஒரு தடவை கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் பழுதாகிவிட்டது என்று நினைக்கும் பல நேரங்களில் அடைத்திருப்பது இந்த வலைதான். சிஓ2 டிஃப்யூசரை (வாயுவைக் குமிழாக விடும் கருவி) உறிஞ்சும் குழாயிலிருந்து தள்ளி வையுங்கள், குமிழ் உள்ளே போனால் மோட்டார் கரகரக்கும்.

---

பாசிப்பச்சை:

எல்லாருக்கும் நன்றி. 2213 எடுக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: மாதாந்திரப் பராமரிப்புன்னு காலை 9 மணியிலிருந்து மதியம் 2 வரை கரண்ட் நிறுத்துவாங்க. அப்போ கேனிஸ்டரை என்ன பண்றது?

---

வேர்முடிச்சு:

அரை மணி, ஒரு மணி நேரம்னா ஒண்ணும் பண்ண வேண்டாம். அஞ்சு மணி நேரம்னா விட்டுடக் கூடாது. மூடின டப்பாவுக்குள்ள தண்ணி நின்னுபோச்சுன்னா அங்க இருக்கிற பாக்டீரியா இருக்கிற ஆக்சிஜனைத் தின்னு தீர்த்துட்டு சாக ஆரம்பிக்கும். முன்கூட்டியே தெரிஞ்ச மின்தடைன்னா 9 மணிக்கு ரெண்டு திருகையும் மூடி, பிளக்கைப் பிடுங்கி, தலையைக் கழட்டி, உள்ளே இருக்கிற தண்ணியைக் கொட்டிடுங்க. ஈர மீடியா அப்படியே திறந்து இருக்கட்டும், மேல ஒரு ஈரத்துணி போடுங்க. ஈரமும் காற்றும் கிடைச்சா அது தாங்கும். கரண்ட் வந்ததும் தொட்டித் தண்ணியை ஊத்தி மூடி ஓட்டுங்க.

சொல்லாம போன கரண்ட், பல மணி நேரம் கழிச்சு வந்தா, ஃபில்டர் தானா ஓட விடாதீங்க. வெளிவிடும் ஹோஸைப் பக்கெட்ல விட்டு முதல் மூணு நாலு லிட்டரைக் கொட்டுங்க. அழுகின முட்டை வாடை அடிச்சா மீடியாவைத் தொட்டித் தண்ணியில அலசிட்டுத்தான் மாட்டணும்.

இன்வெர்ட்டர் இருந்தா அதுல போட்டுடுங்க. 8 வாட்டுக்கு அஞ்சு மணி நேரத்துல 40 வாட்-மணிதான். ப்யூர் சைன் வேவா இருக்கணும். ஸ்கொயர் வேவ்ல இந்த மோட்டார் உறுமும், சூடாகும்.

---

நீரோட்டம்:

மின்தடை என்றதும் உங்கள் ரெகுலேட்டர் நினைவுக்கு வந்தது. சொலினாய்டு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் போனால் ஃபில்டர் நிற்கும், விளக்கு அணையும், சிஓ2 மட்டும் வந்துகொண்டே இருக்கும். அசையாத தண்ணீரில் அது ஏறிக்கொண்டே போய் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். வேறு எதற்கும் முன்னால் ஒரு சொலினாய்டு மாட்டிவிடுங்கள், கரண்ட் இல்லையென்றால் தானாக மூடிக்கொள்ளும் வகை. அதுவரை, கரண்ட் போனதும் முதல் வேலை சிலிண்டரை மூடுவது.

வெளிவிடும் ஹோஸ் கழன்றால் மோட்டார் தொட்டியைத் தரையில் கொட்டும். உறிஞ்சும் குழாயில் தண்ணீர் மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சுவது நிற்கும். பிளாஸ்டிக் குழாயில்தான் துளை போட முடியும், அதனால் உறிஞ்சும் பக்கத்துக்கு ஃபில்டரோடு வரும் பச்சைக் குழாயே இருக்கட்டும். தண்ணீர் மாற்றும்போது ஃபில்டரை அணைத்துவிடுங்கள், ஆவியாவதை வாரம் இருமுறை நிரப்புங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், சொட்டும் தண்ணீர் வளைவில் விழுந்துவிடும். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

மாட்டிய முதல் நாள் ஃபில்டரை ஒரு அகலமான தட்டில், பழைய நியூஸ்பேப்பர் விரித்து அதன்மேல் நிறுத்துங்கள். திருகு, மூடி விளிம்பு, ஹோஸ் நட்டு ஆகிய மூன்றையும் டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். மறுநாள் காலை பேப்பரில் ஈர வட்டம் இருந்தால் தலையைக் கழற்றி ஓ-ரிங் பள்ளத்தை விரலால் தடவுங்கள். பெரும்பாலும் சாயில் துணுக்கு ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும்.