பென் டிரைவ் ஷார்ட்கட் வைரஸ்: அழித்தாலும் திரும்ப வருகிறது

கேள்வி:
ஜெராக்ஸ் கடை கணினி, விண்டோஸ் 10. எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் ஃபோல்டர்கள் காணாமல் போய், அதே பெயரில் ஷார்ட்கட் மட்டும் நிற்கிறது. அழித்தால் சில நொடியில் மறுபடி வருகிறது. ஃபார்மட் செய்துவிடலாமா?

பதில் 1:
கோப்பு எதுவும் போகல, ஒளிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். பென் டிரைவை அப்புறம் பாருங்க. கணினியில ஓடுற ஸ்கிரிப்ட்தான் (சின்ன நிரல்) ஷார்ட்கட்டைத் திரும்பத் திரும்ப எழுதுது. ஷார்ட்கட்டோட ப்ராப்பர்ட்டீஸ்ல டார்கெட் வரியைப் பாருங்க. நீளமான வரியா இருக்கும், கடைசி வரை நகர்த்திப் படிக்கணும். .vbs-னு முடியிற விபிஎஸ் ஸ்கிரிப்ட் கோப்புப் பெயர் ஒண்ணு இருந்தா குறிச்சுக்கோங்க.

கணினி தொடங்கும்போது தானா ஓடுறதையெல்லாம் காட்டும் ஆட்டோரன்ஸ் கருவியை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து முதல்லயே இறக்கி வச்சுட்டு, நெட்டைக் கழற்றி, சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானதை மட்டும் வச்சு விண்டோஸ் தொடங்கும் முறை) போங்க. நிரல்களைத் தானா தொடங்க வைக்கிற ரெஜிஸ்ட்ரி ரன் பதிவுகள் அங்க வழக்கமா ஓடாது. ஆட்டோரன்ஸ்ல லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் ரெண்டு டேபையும் பாருங்க. விபிஎஸ்ஸை ஓட்டுற டபிள்யூஸ்கிரிப்ட் மைக்ரோசாஃப்டோட சொந்த நிரல், அதனால அதோட டிஜிட்டல் கையெழுத்து சுத்தமா இருக்கும். அதை நம்பி விட்டுடாதீங்க. அது எந்தக் கோப்பைத் திறக்குதுன்னு பாருங்க. பெரும்பாலும் ஆப்டேட்டாங்கிற மறைஞ்ச ஃபோல்டருக்குள்ள காட்டும். பதிவையும் கோப்பையும் சேர்த்தே நீக்குங்க, ஒண்ணை விட்டா வேலை வீண்.

பதில் 2:
சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு, டி டிரைவில் மிச்சமிருக்கும் ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்தால் பழைய கதைதான். முதலில் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் (ஸ்கேனில் விலக்கு) பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால், ஸ்கேனர் அதைத் தாண்டிப் போவதற்கு அதுவே காரணம். பட்டியலிலிருந்து அதை நீக்கியபின் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் தொடங்கும் முன் நடப்பது) ஓட்டுங்கள். கால் மணி நேரம் ஆகும், தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

கேள்வி கேட்டவர்:
ஸ்கிரிப்ட் போய்விட்டது, நன்றி. ஆனால் ஒளித்த கோப்புகளை வெளிக்காட்ட அட்ரிப் (attrib) கட்டளையில் மைனஸ் எச் கொடுத்தால் ‘நாட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்’ என்கிறது.

பதில் 1:
ஒளிச்ச குறியோட (எச்) சிஸ்டம் குறியும் (எஸ்) போட்டிருக்கு. எச், எஸ் ரெண்டுக்கும் ஒரே வரியில மைனஸ் கொடுங்க, கடைசியில ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி சேருங்க. அப்பதான் உள் ஃபோல்டர்களும் வெளிய வரும். பெயரே இல்லாத ஃபோல்டர் தெரிஞ்சா பயப்படாதீங்க, வாடிக்கையாளர் கோப்பெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். மீட்டதும் ஷார்ட்கட்டையும் விபிஎஸ்ஸையும் அழிங்க.

பதில் 2:
தினம் பத்துப் பேர் பென் டிரைவ் வரும் கடை என்பதால் ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்டை (விபிஎஸ் போன்றவற்றை ஓட்டும் வசதி) அணைத்துவிடலாம்: அதன் செட்டிங்ஸ் கீயில் ‘எனேபிள்டு’ மதிப்பு 0. விபிஎஸ் எதுவும் ஓடாது. விண்டோஸ் ஆக்டிவேஷனுக்கான எஸ்எல்எம்ஜிஆரும் விபிஎஸ் ஸ்கிரிப்ட் என்பதால் ஓடாமல் நின்றுவிடும், தேவைப்படும்போது 1 ஆக்கிக்கொள்ளுங்கள்.