பொருள்: க்ளிப்பிங் – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கையேடு எழுதுபவர், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். வீட்டிலேயே கிடாரும் பாட்டும் பதிவு செய்யத் தொடங்குவோருக்காக 12 பக்கக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு, வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். "மைக்கைக் கிடாரின் ஓட்டைக்கு நேரே வைக்காதே, 12ஆவது ஃப்ரெட் (கிடார்க் கழுத்தின் குறுக்குக் கம்பி) பக்கமாக ஒன்றரைச் சாண் தள்ளி வை; வெற்றுச் சுவரைப் பார்த்துப் பாடாதே, துணி அலமாரியைத் திறந்து வைத்துப் பாடு" என்பதற்கெல்லாம் புதுச்சொல் தேவைப்படவில்லை. க்ளிப்பிங்கில், அதாவது பதிவில் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுவதில், நின்றுவிட்டேன்.

மெல்ல மீட்டிப் பார்த்துக் கெயினை (மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை) திருகி வைக்கிறார்கள். சரணத்தில் ஓங்கி அடித்துப் பாடும்போது அலை எல்லையைத் தாண்டுகிறது. ஒவ்வொரு கணத்தின் அலை உயரமும் ஓர் எண்ணாகப் பதிவாகிறது; 16 பிட் பதிவில் அந்த எண்ணின் எல்லை மேலே 32,767, கீழே −32,768. அதற்கப்பால் எழுத எண்ணே இல்லை என்பதால் உச்சி தட்டையாகிவிடுகிறது. பிறகு ஒலியைக் குறைத்துக் கேட்டாலும் தட்டை தட்டைதான். 'வெட்டு' என்றால் எடிட்டிங்கோடு குழம்பும். 'சிதைவு' டிஸ்டார்ஷனுக்கு (ஒலி எப்படி உருமாறினாலும் சொல்லும் பொதுச்சொல்) போய்விட்டது. உதவுங்கள்.

மேடை ஒலியமைப்பாளர், மதுரை

அண்ணே, இதுக்கு யோசிக்கவே வேணாம். கல்யாண மண்டபமோ கோயில் கொடையோ, மைக்குல யாராவது கத்துனா "சவுண்டு கிழியுது"ன்னுதான் சொல்லுவோம். கேக்குற சனமும் அதான் சொல்லுது. கிழிசல்னு போடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரம்

அன்புடையீர், கிழிதல் தன்வினை. இங்கே நடப்பது பிறவினை: கருவி அலையின் தலையை அறுக்கிறது. 'கொய்தல்' இருக்கிறதே! அகநானூற்று 4ஆம் பாட்டில் 'கொய்சுவற் புரவி' வருகிறது. பிடரிமயிர் மட்டமாகக் கத்தரிக்கப்பட்ட குதிரை. தட்டையான உச்சிக்கு இதைவிடப் பொருத்தமான படம் ஏது? 'கொய்முகடு' என்க, வினைத்தொகை.

அதே பாட்டில் தலைவன், பூஞ்சோலையில் துணையோடு தங்கிய வண்டுகள் கலங்குமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். ஒலியைப் பிறக்கும் இடத்திலேயே அடக்குவது என்றால் அதுதான். உங்கள் கையேட்டின் முதற்பக்கத்துக்கு உகந்தது.

இயற்பியல் ஆசிரியை, கோவை

ஐயாவின் குதிரை மனசில் நிற்கிறது. ஆனாலும் 'கொய்முகடு' என்று பலகையில் எழுதினால் என் மாணவர்கள் மலை என்றுதான் நினைப்பார்கள். பேச்சில் அவர்களுக்குத் தெரிந்த 'கொய்' கொய்யாப்பழத்தில் மட்டுமே இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

மதுரைத் தம்பியின் 'கிழிசல்' எல்லாருக்கும் புரியும், ஆனால் காதில் விழும் விளைவைத்தான் அது சொல்கிறது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்தாலும் அதே கரகரப்பு வரும். மாணவன் ஸ்பீக்கரை மாற்றப் போவானே தவிர, கெயினைத் தொட மாட்டான். பதிவு *செய்யும்போது* நடப்பது என்று சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும்.

கச்சேரிப் பாடகி, தஞ்சாவூர்

அரிசி அளக்கும்போது கோபுரமாக நிற்பதைக் கையால் வழித்துவிட்டு 'தலைதட்டி' ஒரு படி என்போம். சமையல் குறிப்பிலும் 'தலைதட்டி ஒரு கரண்டி' உண்டு. படி கொள்ளாதது கீழே போகிறது, படிக்குள் இருப்பது மட்டும் கணக்கு. நீங்கள் விவரித்தது அப்படியே இதுதானே? 'தலைதட்டல்' என்றால் என் பாட்டிக்கே க்ளிப்பிங் புரிந்திருக்கும்.

இயற்பியல் ஆசிரியை

அக்கா, இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஒரே ஒரு குறை. ஒலி அலை மேலும் கீழும் ஆடுகிறது, அடியும் தட்டுப்படுகிறது. படிக்குக் கீழ்ப்பக்கம் கோபுரம் இல்லையே.

தமிழாசிரியர்

'தலைதட்டல்' நல்ல வழக்குச் சொல், மறுக்கவில்லை. ஆனால் 'கிழி'யை அத்தனை எளிதாகக் கொடுத்துவிடாதீர்கள். கிழி என்றால் துணி. துணியில் முடிந்த பொன் பொற்கிழி. மருந்தை முடிந்து ஒத்தடம் கொடுத்தால் அதுவும் கிழி. கிழிந்தது என்று பொருள்பட்ட சொல் முடிந்து காப்பதற்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 'கொய்'யும் அறுப்பதோடு நிற்கவில்லை: புடவையைக் கொய்து செருகினால் கொய்சகம், அதுவே இன்றைய கொசுவம். ஒரு வினைக்குள் அறுத்தலும் மடித்தலும்…

மேடை ஒலியமைப்பாளர்

ஐயா, கோவிச்சுக்காதீங்க. மைக்கு, கெயின், ஃப்ரெட்டு எல்லாம் இங்கிலீசுலயே நிக்குது. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் சங்க காலத்துக்குப் போகணுமா? வீட்டுல பதிவு பண்ற பையனுக்கு வேண்டியது இவ்வளவுதான்: பாட்டுல ரொம்பச் சத்தமான இடத்தை முதல்ல பாடிப் பாரு, எல்லை 0ன்னா, மீட்டர் −12 டெசிபெல் பக்கத்துல நிக்கட்டும், சிவப்பு எரியவே கூடாது. 24 பிட்டுல பதிவு பண்ணா தாராளமா இடம் இருக்கு. மெதுவா வந்தாலும் பின்னால ஏத்திக்கலாம். கிழிஞ்சதைத் தைக்க முடியாது.

தமிழாசிரியர்

மைக்கு என்பது பொருளின் பெயர், வந்தது, இருந்துகொண்டது. இது ஒரு நிகழ்ச்சி. நிகழ்ச்சியைத் தன் மொழியில் சொல்லத் தெரிந்தவன்தான் அது நடக்கும்போது கவனிப்பான். அதனால்தான் மன்றாடுகிறேன்.

கையேடு எழுதுபவர், வியாழன் பின்னிரவு

ஐயா சொன்ன கடைசி வரியை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தலைதட்டலுக்கு நால்வர், கிழிசலுக்கு மூவர், கொய்முகட்டுக்கு ஐயா ஒருவர். 'தலைதட்டல்' என்றே தலைப்பிட்டு, முதல் வரியில் "பேச்சில் 'சவுண்டு கிழியுது' என்கிறோமே, அது" என்று எழுதிவிட்டேன். அடியும் தட்டுப்படுவதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். தேர்மணியின் நாவைக் கட்டியவன், விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யச் சொல்லும் பக்கத்தில் இருக்கிறான்.

இயற்பியல் ஆசிரியை

படம் போதும், சம்மதம். 'இருதலைதட்டல்' என்று கேட்கலாமா என்று பார்த்தேன், மணி இரண்டாகிவிட்டது.

தமிழாசிரியர், வெள்ளி காலை

பெரும்பான்மைக்கு உட்படுகிறேன். அடுத்த பதிப்பின் சொல்லடைவில் 'கொய்முகடு, காண்க: தலைதட்டல்' என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். சுவல் என்பதற்குப் பிடரி என்ற பொருளோடு மேட்டுநிலம் என்ற பொருளும் உண்டு. அதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.