வார்டும் ஆராய்ச்சியும் ஒரே ஆளால் ஆகுமா? எதில் தொடங்குவது?

கேள்வி: கொலுசு_நுரையீரல்

சேலத்தில் நுரையீரல் மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர். எம்.டி. முடித்து 2 வருடம். ஓ.பி., வார்டு, பி.ஜி. வகுப்பு எல்லாம் போக வாரத்தில் ஒரு நாள் தேறும். வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்களின் நுரையீரல் திறனை அளக்கலாம் என்று எண்ணம். ஒப்பிட ஏற்காடு காபித் தோட்டத் தொழிலாளர்கள். இதைப் பிடித்துக்கொண்டே பேராசிரியர், துறைத்தலைவர் என்று போக முடியுமா? பிஎச்.டி. அவசியமா?

பதில் 1: மூன்று_லிட்டர்

கேள்வி நல்ல கேள்வி, ஒப்பீடுதான் தப்பு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் வேறு, வீட்டில் விறகுப் புகை, தோட்டத்தில் மருந்தடிப்பு. வித்தியாசம் வந்தால் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. பட்டறை இருக்கும் தெருவிலேயே மளிகை, ஜவுளிக் கடை ஆட்களை எடுங்கள். வயதும் பீடிப் பழக்கமும் ஒத்துப்போகட்டும். தறிக்காரர்கள் வேண்டாம், பஞ்சுத் தூசி குறுக்கே வரும்.

எண்ணிக்கை: பாதிப்பு 20% இருக்கலாம் என்று வைத்து, 5% துல்லியம் கேட்டால் 246 பேர். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரே பட்டறையில் பத்துப் பேரை எடுத்தால் பத்துப் பேரும் ஒரே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். அதனால் 1.5-ஆல் பெருக்கி 369. வராதவர்கள் 10% என்றால் 410. இது பட்டறைப் பக்கத்துக்கு மட்டும்.

ஸ்பைரோமீட்டரை (ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் கருவி) தினமும் காலையில் 3 லிட்டர் சிரிஞ்சால் சரிபாருங்கள். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் அன்று அளக்கக் கூடாது. கருவியில் வெப்பநிலையைப் பதிவிட வேண்டியிருந்தால், ஏ.சி. அறையில் பதிந்ததை அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒருவருக்குக் குறையில்லாத மூன்று ஊதல் வேண்டும். எஃப்.இ.வி.1-இல் (முதல் ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) பெரிய இரண்டுக்கும் வித்தியாசம் 150 மி.லி.க்குள் இருக்கணும். எட்டு முறையிலும் வரவில்லையா, இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். 2 வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரை ஊதவைக்க வேண்டாம், முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை.

எத்திக்ஸ் கமிட்டி திருப்பி அனுப்பும் இடம் இதுதான்: சம்மதத்தை முதலாளியிடம் வாங்குவது. தொழிலாளியிடம் தனியாகத் தமிழில் வாங்குங்கள், முடிவு முதலாளி கைக்குப் போகாது என்று அதிலேயே எழுதுங்கள்.

பதில் 2: ரோஸ்டர்

பிஎச்.டி. கட்டாயமில்லை. என்.எம்.சி.யின் (தேசிய மருத்துவ ஆணையம்) 2022 விதியில் இணைப் பேராசிரியருக்கு 4 வருட அனுபவமும் 2 கட்டுரையும், பேராசிரியருக்கு மேலும் 3 வருடமும் மொத்தம் 4 கட்டுரையும். முதல் மூன்று பெயருக்குள் அல்லது கரஸ்பாண்டிங் ஆதராக (கட்டுரைக்கான தொடர்புக்குப் பொறுப்பானவர்) இருக்கணும். ஒரே நோயாளியைப் பற்றிய தனி கேஸ் ரிப்போர்ட் எண்ணிக்கையில் வராது, பல நோயாளிகளைத் தொகுத்த கேஸ் சீரிஸ் வரும். இதெல்லாம் 2022 விதிப்படி; அதன் இடத்தில் 2025-ல் புது விதிகள் வந்துவிட்டன, விண்ணப்பிக்கும் முன் அதைப் பாருங்கள். என்.ஐ.இ. (தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்) நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை முடிக்கவில்லை என்றால் உடனே சேருங்கள்.

பதவிக்கு நாலு கட்டுரை போதும், பெயருக்குப் போதாது. சி. கோபாலன் 1918-ல் உங்கள் சேலத்தில் பிறந்தவர்தான். மருத்துவம் படித்து, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராகி, 1974-ல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தலைமைக்குப் போனார். சோளம் சாப்பிடுபவர்களுக்கு ஏன் பெல்லக்ரா (நியாசின் சத்துக் குறைவால் வரும் நோய்) வருகிறது என்று கேட்டார். சோளத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் அதிகம் என்ற அவர் விளக்கம் பின்னால் முழுசாக நிற்கவில்லை. ஆனால் கேள்வி வந்தது நோயாளி தட்டில் இருந்து. உங்களுக்குக் கொலுசு அப்படி இருக்கலாம்.

அந்த ஒரு நாளை துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் வாங்கின நாளை லீவு போட்டவரின் டியூட்டி தின்றுவிடும்.

கொலுசு_நுரையீரல்:

நன்றி சார். ஏற்காட்டை விட்டுவிட்டேன். ஐ.சி.எம்.ஆர். பணம் கிடைத்தால் கல்லூரி வழியாகத்தானே வரும்? அங்கே எது சிக்கும்?

பதில் 3: கோப்பு_எண்

ஆமாம், உங்கள் கைக்கு வராது. டீன் ஒப்புதல், கணக்குப் பிரிவு, பிறகு கொள்முதல். சிக்கும் இடம் இரண்டு.

ஒன்று, மார்ச் 31. அன்றோடு நிதியாண்டு முடிகிறது. செலவுச் சான்றிதழ் ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் போகாமல் அடுத்த தவணை வராது. கருவி டெண்டர் இழுத்தால் முதல் வருடப் பணம் அப்படியே கிடக்கும். பணம் வந்த வாரமே கருவியின் விவரக்குறிப்பை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கல்லூரியில் எம்.டி.ஆர்.யு. (பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு) ஆய்வகம் இருந்தால் அங்கே என்ன கருவி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், வாங்கவே வேண்டாமல் போகலாம்.

இரண்டு, இடமாற்றம். இதை யாரும் யோசிப்பதில்லை. அரசுக் கல்லூரியில் பதவி உயர்வு என்றால் கவுன்சிலிங்கில் ஊர் மாறலாம். திட்டமும் கருவியும் பழைய கல்லூரியில் நிற்கும். விண்ணப்பத்திலேயே சமூக மருத்துவத் துறையில் இருந்து ஒருவரை இணை ஆய்வாளராகப் போடுங்கள். தரவை அவருக்கும் தெரிந்த முறையில் வையுங்கள், பெயர்ப் பட்டியல் தனி, அளவுகள் தனி. ஊழியரை நியமிக்கும்போது திட்டம் முடியும் தேதியை ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் பின்னால் அது டீன் தலைவலி.

டீன் நாற்காலி வரை போக நினைத்தால் இந்தக் கோப்பு வேலையை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். நல்ல ஆராய்ச்சியாளர் பலர் துறைத்தலைவரானதும் தடுமாறுவது இங்கேதான்.