ஐ ஹேட் மை ஹேர் கட்

(குடும்பக் குழு, ஞாயிறு காலை)

நான்: (படம்)

நான்: ஐ ஹேட் மை ஹேர் கட்.

அத்தை: ஏனம்மா வெறுக்கிறாய்? நன்றாகத்தானே இருக்கிறது. பிடிக்காவிட்டாலும் ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும், விடு.

நான்: வெறுக்கவில்லை அத்தை! முடி வெட்டிக்கொண்டேன் என்றுதான் எழுதினேன்.

தம்பி: எல்லாம் பெரியப்பா போட்ட சட்டத்தால் வந்த வினை. ஆங்கிலத்தையும் தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்றால் ஒரே 'ஹேட்'டுக்குள் வெறுப்பைச் சொல்லும் ஹேட், ஹேவின் இறந்தகாலமான ஹேட் என்று இரண்டு சொல் ஒளிந்துகொள்ளத்தான் செய்யும்.

பெரியப்பா: சட்டத்தில் குறையில்லை. வாக்கியத்தில்தான் சுற்றுவழி. 'ஐ கட் மை ஹேர்' என்று நேராக எழுதியிருந்தால் குழப்பமே இல்லை.

அக்கா: அப்படி எழுதினால் அவளே கண்ணாடி முன் நின்று கத்தரிக்கோலைப் பிடித்தாள் என்றல்லவா ஆகும், பெரியப்பா?

அத்தை: ஆசிரியை வந்துவிட்டாள். இன்று சமையல் நேரத்துக்கு நடக்காது.

தம்பி: அக்கா, இது தெரியாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன். போன வாரம் மேலாளருக்கு 'ஐ ரிப்பேர்ட் மை லேப்டாப்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். உண்மையில் வெளியே கொடுத்துத்தான் சரிசெய்தேன். மறுநாள் காலையில் என் மேசைமேல் பழுதான மடிக்கணினி இரண்டு உட்கார்ந்திருக்கின்றன!

அக்கா: பாவம், நீ எழுதியதை அவர் அப்படியே நம்பிவிட்டார். 'ஐ ஹேட் மை லேப்டாப் ரிப்பேர்ட்' என்று எழுதியிருக்க வேண்டும். முதலில் ஹேட், அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். கோ, வென்ட், கான் என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அதில் மூன்றாவது. கை வேறு யாருடையதோ, ஏற்பாடு உன்னுடையது.

பெரியப்பா: இதற்குத் தமிழில் பிறவினை இருக்கிறதே. செய்தேன், செய்வித்தேன். ஒரே ஒரு 'வி' போதும். மூன்று சொல்லை வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை.

அக்கா: இருக்கிறது. ஆனால் 'முடி வெட்டுவித்தேன்' என்று நீங்கள் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

பெரியப்பா: சொன்னால் சிரிப்பார்கள்.

அக்கா: அதனால்தான் 'வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். பயன் எனக்கு என்பதை அந்தக் 'கொண்டேன்' சொல்லிவிடும். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்பதைக் கேட்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழில் அந்த ஊகம் தப்புவதில்லை. அதே பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் வம்பு. 'ஐ புல்டு அவுட் மை டூத்' என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். பல்லைத் தானே பிடுங்கிக்கொண்ட வீரரைத் திருத்த எனக்கே கை நடுங்கியது.

சித்தி: 😂 குறடு எங்கே வாங்கினாராம்?

பெரியப்பா: அப்படியென்றால் 'ஐ பில்ட் எ ஹவுஸ்' என்று நான் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவருவது? ஒரு செங்கல்லைக்கூட நான் தூக்கியதில்லை.

அக்கா: அது செல்லும். கிஸாவின் பெரிய பிரமிடைக் கூஃபு மன்னன் கட்டினான் என்று ஆங்கிலமும் 'பில்ட்' போட்டுத்தான் எழுதுகிறது. மன்னன் கல் சுமந்திருக்கமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். செய்தது யார் என்று மயக்கம் வரக்கூடிய இடத்தில்தான் ஹேட் தேவைப்படுகிறது.

அத்தை: அண்ணா இனிமேல் கூஃபு வரிசையில் உட்காருவார். நம்மோடு பேசமாட்டார்.

நான்: எனக்கு வேறொரு சந்தேகம், அக்கா. 'ஐ ஹேட் கட் மை ஹேர்' என்றும் பார்த்திருக்கிறேனே. அதே ஐந்து சொற்கள்தான்.

அக்கா: இதைக் கேட்கமாட்டாயா என்றுதான் காத்திருந்தேன். சொற்கள் அதேதான், 'கட்' மட்டும் இடம் மாறியிருக்கிறது. ஹேட் பக்கத்திலேயே கட் வந்தால், வேறொன்று நடப்பதற்கு முன்பே நீ உன் கையால் வெட்டி முடித்துவிட்டாய். முடியைத் தாண்டிக் கடைசிக்குப் போய்விட்டால், வெட்டியவர் இன்னொருவர். கட் என்ற சொல்லுக்கு மூன்று வடிவமும் ஒன்றே என்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. புட், ஷட், ஹிட் எல்லாமும் அப்படித்தான். பழக வேண்டுமென்றால் ரைட், ரோட், ரிட்டன் மாதிரி முகம் மாறும் வினையை எடுத்துக்கொள். 'ஐ ஹேட் ரிட்டன் த லெட்டர்' என்றால் நான் எழுதியிருந்தேன். 'ஐ ஹேட் த லெட்டர் ரிட்டன்' என்றால் எழுதுவித்தேன்.

அக்கா: இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்த இரண்டும் இப்படிப் பிரிந்து நிற்கவில்லை. 'எழுதப்பட்ட நிலையில் ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது' என்ற அமைப்பிலிருந்துதான் 'எழுதியிருக்கிறேன்' என்ற பொருளே வளர்ந்தது. வினை பொருளுக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். பிறகுதான் முன்னால் நிற்பது நிலைத்தது. ஜெர்மனில் இன்றைக்கும் 'கடிதத்தை எழுதியிருக்கிறேன்' என்பதற்கு எழுதுவது கடைசியில்தான் வரும். நம் தமிழ் போல.

பெரியப்பா: கடைசியில் வினை வருவதுதான் நாகரிகம் என்று ஜெர்மானியருக்காவது தெரிந்திருக்கிறது.

தம்பி: கேள்வி கேட்பது எப்படி? 'ஹேட் யூ யுவர் ஹேர் கட்' என்றா?

அக்கா: இல்லை. இங்கே ஹேவ் துணைவினை இல்லை, முழு வினை. எனவே 'டிட்' வர வேண்டும். 'டிட் யூ ஹேவ் யுவர் ஹேர் கட்?' மறுப்பதானால் 'டிடின்ட் ஹேவ்'.

சித்தி: அப்படியானால் என் தோழி நேற்று 'ஐ ஹேட் மை பேக் ஸ்டோலன்' என்று அனுப்பியிருந்தாளே? ஆள் வைத்துத் தன் பையையே திருட ஏற்பாடு செய்தாள் என்றா ஆகிறது? 😳

அக்கா: அமைப்பு அதேதான், சித்தி. ஆனால் இங்கே ஏற்பாடு கிடையாது, பட்ட துன்பம்தான். எது என்பதை வினையே காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் 'பையைப் பறிகொடுத்தேன்' என்கிறோமே, யாராவது விரும்பியா கொடுக்கிறார்கள்?

பெரியப்பா: உதை வாங்கினான் என்பதும் அப்படித்தான். பணம் கொடுத்தா வாங்கினான்?

அக்கா: அற்புதம், பெரியப்பா! வகுப்பில் இதை உங்கள் பெயர் சொல்லாமல் பயன்படுத்திக்கொள்கிறேன்.

தம்பி: ஹேட் போடும் இடத்தில் 'காட்' போடலாமா?

அக்கா: போடலாம், பேச்சில் அதுதான் அதிகம். 'ஐ காட் மை ஹேர் கட்.' ஆனால் விபத்து என்று வந்தால் காட்டில் கொஞ்சம் அசட்டுத்தனத்தின் வாசனை அடிக்கும். 'ஐ காட் மை ஃபிங்கர் காட் இன் த டோர்.' கதவிடுக்கில் விரலைக் கொடுத்தது நானேதான்.

பெரியப்பா: ஏன் இரண்டு காட்?

தம்பி: இதுவும் உங்கள் சட்டம்தான், பெரியப்பா. முதல் காட் 'கெட்'டின் இறந்தகாலம், இரண்டாம் காட் 'கேட்ச்'சின் மூன்றாம் வடிவம்.

பெரியப்பா: சட்டத்தைப் பரிசீலிக்கிறேன். நீக்கமாட்டேன்.

தம்பி: சரி, மேலாளருக்கு இப்போதே திருத்தி அனுப்பிவிடுகிறேன். 'ஐ ஹேவ் ஹேட் மை லேப்டாப் ரிப்பேர்ட்.' சரிதானே?

சித்தி: ஹேவ், ஹேட் இரண்டுமா? விக்கல் எடுத்தது போல இருக்கிறதே.

அக்கா: சரிதான். முதல் ஹேவ் காலத்துக்கு, இரண்டாவது ஏற்பாட்டுக்கு. நாள் குறிப்பிட்டு எழுதினால் மட்டும் முதலாவதை எடுத்துவிடு. 'லாஸ்ட் வீக்' வந்துவிட்டால் வெறும் ஹேட் போதும்.

(20 நிமிடம் கழித்து)

தம்பி: பதில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டார் போலிருக்கிறது. 'ஹூ ரிப்பேர்ட் இட்? ஹேவ் ஹிம் லுக் அட் தீஸ் டூ.'

பெரியப்பா: நில். 'லுக்' என்பது முதல் வடிவமல்லவா? மூன்றாம் வடிவம் எங்கே போயிற்று? உன் மேலாளருக்கும் அக்காவிடம் ஒரு வகுப்பு வேண்டும்.

அக்கா: மேலாளர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஹேவுக்கு அடுத்து வேலையைச் செய்யும் ஆள் வந்தால் வினை எந்த ஒட்டும் இல்லாமல் மொட்டையாக வரும். வேலைக்கு உள்ளாகும் பொருள் வந்தால்தான் மூன்றாம் வடிவம். அந்த ஆளையே இந்த இரண்டையும் பார்க்கச் சொல் என்கிறார். 'கெட்' என்று எழுதியிருந்தால் நடுவில் ஒரு 'டு' வந்திருக்கும், 'கெட் ஹிம் டு லுக்'. அதில் கொஞ்சம் கெஞ்சிச் சம்மதிக்கவைக்கும் தொனி உண்டு.

தம்பி: அந்த ஆளிடம் கெஞ்சத்தான் வேண்டியிருக்கும். என்னுடையதை வாங்கவே இரண்டு முறை நடந்தேன்.

அத்தை: எல்லாம் புரிந்தது. நான்தான் ஹேட் என்பதைத் தவறாகப் படித்துவிட்டேன், மன்னித்துக்கொள் அம்மா. முடி உனக்கு எடுப்பாக இருக்கிறது.

நான்: நீங்கள் படித்ததும் தவறில்லை, அத்தை. முன்பக்கம் கண்ணுக்கு மேலேயே நிறுத்தச் சொன்னேன். நெற்றிவரை ஏற்றிவிட்டார்கள். படத்தில் கையால் மறைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.