இக்வானே கோரை அடியில் அழுகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் வீட்டுப் பின்பக்கம் சின்னக் குளம் வெட்டி, செப்டம்பர் கடைசியில் 12 கோரைக் கன்றுகள் வைத்தேன், ஜூலு பெண்கள் பாய் முடைகிற அதே இக்வானே, தாவரப் பெயர் சைபெரஸ் லாட்டிஃபோலியஸ். இப்போது நவம்பர் நடுவில் ஐந்துதான் மிச்சம். நுனி மஞ்சளாகி, அப்புறம் அடித்தண்டு கொழகொழவென்று ஆகிவிடுகிறது, இழுத்தால் நாற்றத்தோடு கையோடு வருகிறது.

அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே களிமண், தண்ணீர் சுமார் 30 செ.மீ., மதியம்வரை வெயில். குழாய்த் தண்ணீரை நிறுத்தி மழைத் தண்ணீர் விட்டேன், அழுகியதை வெட்டி எடுத்தேன், உரமே போடவில்லை. விதையும் மூடாமல் ஈரமண்மேல் தூவினேன், ஐந்து வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை.

பிக்கர்ஸ்கில் நாணல் தவளை இந்தக் குவாசுலு-நடால் கடலோரத்தைத் தவிர உலகத்தில் எங்கும் கிடையாது, அடர்ந்த கோரைக்குள் தண்ணீருக்கு மேலேதான் முட்டையிடும். அது என் குளத்துக்கு வராமலே போகலாம், ஆனாலும் ஏதாவது ஒரு தவளைக்கு இடம் கொடுக்க ஆசை.

வளர்த்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்: மீதி ஐந்தும் வேர் பிடிக்கும்வரை தண்ணீரை எத்தனை செ.மீ.க்கு இறக்கி வைக்க வேண்டும்?