'கில்லர்ஸ் கிஸ்': உதடும் குரலும் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி:
ஸ்டான்லி குப்ரிக்கின் 'கில்லர்ஸ் கிஸ்' (1955) படத்தை நேற்றிரவு பார்த்தேன். 67 நிமிடம்தான். தோற்றுப்போன குத்துச்சண்டை வீரன், எதிர் ஜன்னலில் ஒரு பெண், அவளை விடாத நடனக்கூட முதலாளி. கதை அரதப்பழசு. ஆனால் மீன் தொட்டிக் கண்ணாடி வழியே அவன் முகம் கோணிப் பெருத்துத் தெரிகிறதே, அது கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரே உறுத்தல், உதடு ஒன்று சொல்கிறது, குரல் ஒன்று சொல்கிறது. என் பிரதியில் கோளாறா?

பதில்:
பிரதி நன்றாகத்தான் இருக்கிறது. வசனம் முழுக்கப் பிறகு சேர்த்தது. நாயகி ஐரீன் கேனுக்குக் குரல் கொடுத்தவரே வேறொருவர். மொத்தச் செலவு சுமார் 75,000 டாலர். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் குப்ரிக்கே. கையில் காசில்லாதவர் வேறென்ன செய்வார்?

இன்னொரு பதில்:
குரலை விடுங்கள், சண்டையைப் பாருங்கள். குப்ரிக் 'லுக்' பத்திரிகையில் புகைப்படக்காரராக இருந்தவர். 1951இல் வால்டர் கார்ட்டியர் என்ற குத்துச்சண்டை வீரரைப் பற்றி ஆவணப்படமும் எடுத்திருக்கிறார். அந்தப் பழக்கம்தான் இங்கே கைகொடுத்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. குரலை மன்னித்துவிட்டேன். எனக்குக் குத்துச்சண்டை மேடைச் சண்டையைவிடத் துணிக்கடைப் பொம்மைக் கிடங்குச் சண்டைதான் பிடித்தது. கோடரி வீச்சில் நிர்வாணப் பொம்மைகளின் கைகால்கள் சிதறும்போது சிரிப்பதா பயப்படுவதா என்றே தெரியவில்லை. ரயில் நிலைய முடிவு மட்டும் ஒட்டவைத்தது போல இருக்கிறது.